இருபத்திரண்டு சிஸ்டம், நான்கு திவ்யா

2024 பொங்கல் லீவு முடிந்த வாரம் கம்ப்யூட்டர் டீச்சரிடமிருந்து போன் வந்தது. "தம்பி, பன்னிரண்டாவது பசங்களோட பைத்தான் புரோகிராம் ஒண்ணுகூட இல்ல. ஏழாவது பையன் ஒருத்தன் எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டு, குப்பையையும் காலி பண்ணி வெச்சிருக்கான். கேட்டா, 'ஒரே கசகசன்னு இருந்துச்சு மிஸ், பெருக்கிட்டேன்'றான். பிப்ரவரில பிராக்டிகல். கொஞ்சம் வந்து பாரேன்."

பையன் மேல் தப்பே இல்லை. லேபில் லினக்ஸ் ஓடுகிற இருபத்திரண்டு சிஸ்டத்திலும் ஒரே யூசர்தான்: பெயரும் ஸ்டூடண்ட், பாஸ்வேர்டும் ஸ்டூடண்ட். ஆறாவது பிள்ளை வரைகிற யானையும் பன்னிரண்டாவது பிள்ளையின் ரெக்கார்டு புரோகிராமும் ஒரே டெஸ்க்டாப்பில் கிடக்கும். தெருவுக்கே ஒரு பீரோ வைத்து, சாவியை அதன் மேலேயே தொங்கவிட்ட மாதிரி. அழிந்த கோப்புகளை மீட்கிற போட்டோரெக் மென்பொருளை ஓட்டிப் பார்த்ததில் இருநூறு சொச்சம் கோப்புகள் மீண்டன, ஆனால் பெயர் இல்லாமல் வெறும் நம்பராக. பிள்ளைகள் இரண்டு நாள் உட்கார்ந்து, "இது என்னுது, ஸ்பெல்லிங் மிஸ்டேக்கப் பாத்தாலே தெரியுது" என்று பிரித்து எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குக் காட்பாடியில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை. பள்ளிக்கூடம் கே.வி.குப்பம் பக்கம், நான் படித்ததும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வண்டியில் போய்விடலாம். "ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் போட்டுடலாம் டீச்சர், ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை" என்று சொல்லிவிட்டு வந்தேன். முடிக்க ஏழு மாதம் ஆனது.

முதலில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைச் செய்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. மொத்தம் முந்நூற்று நாற்பது பிள்ளைகள். டீச்சர் கொடுத்த எக்செல் பட்டியலை ஒரு உரைக் கோப்பாக மாற்றி, என் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக ஒவ்வொரு சிஸ்டத்துக்குள்ளும் போய், 'நியூயூசர்ஸ்' கட்டளையால் எல்லாரையும் சேர்க்கிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தேன்.

அன்று பத்தொன்பது சிஸ்டம்தான் ஆன் ஆகியிருந்தன. மீதி மூன்றை அடுத்த வாரம் சேர்த்தேன். அதற்குள் இரண்டு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள், டீச்சர் பட்டியலை அகர வரிசையில் மறுபடி அடுக்கியிருந்தார். அதுபோக ஐந்து சிஸ்டத்தில் எப்போதோ யாரோ ஒரு சார் தனக்கென்று ஒரு யூசர் போட்டு வைத்திருக்கிறார். இதெல்லாம் எனக்கு அப்போது ஒரு விஷயமாகவே படவில்லை.

பிப்ரவரி கடைசியில் ஒரு சிஸ்டத்தின் ஹார்டு டிஸ்க் போகிற நிலைக்கு வந்தது. அதிலிருந்த பிள்ளைகளின் ஃபோல்டர்களை ஒரு வெளி டிஸ்க்குக்குக் காப்பி செய்து, பக்கத்து சிஸ்டத்தில் செருகினேன். யார் கோப்பு என்று பட்டியல் எடுத்துப் பார்த்தால், கௌசல்யாவின் ஃபோல்டருக்குச் சொந்தக்காரர் கிஷோர் என்று வருகிறது. கிஷோருடையது கிருத்திகாவுக்குப் போயிருக்கிறது. முந்நூற்று நாற்பது பேரும் ஒரு சீட்டு தள்ளி உட்கார்ந்த மாதிரி.

விஷயம் இதுதான். லினக்ஸ் கோப்பின் மேல் பெயரை எழுதி வைப்பதில்லை, நம்பரைத்தான் எழுதி வைக்கிறது. யூஐடி என்பது அந்த நம்பர். டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ் வகைகளிலும் முதலில் உருவாக்குகிற ஆளுக்கு 1000, அடுத்தவருக்கு 1001, அப்படியே வரிசையாகப் போகும். 1147 என்றால் யார் என்று அந்தந்த சிஸ்டம் தன்னிடம் இருக்கும் பட்டியலைப் பார்த்துத்தான் பெயர் சொல்லும். ஒரு சிஸ்டத்தில் கூடுதலாக ஒரு ஆள் இருந்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் ஒரு நம்பர் நகர்ந்துவிடுவார்கள். இதோடு பாஸ்வேர்டு தொல்லை வேறு. ஜன்னலோர சிஸ்டத்தில் மாற்றினால் அந்த ஜன்னலோடு சரி, மற்ற இருபத்தொன்றில் பழசேதான். "அண்ணா, எனுக்கு எந்த சிஸ்டம்ல இன்னா பாஸ்வேர்டுன்னே தெர்ல" என்று ஒன்பதாவது பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். பன்னிரண்டு பாஸ்வேர்டு எழுதி, எதிரே சிஸ்டம் நம்பர் போட்டு வைத்திருந்தான். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும்தான் நான் செய்து வைத்தது எனக்கே உறைத்தது. நம்பர் பிள்ளைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். நான் அதை சிஸ்டத்துக்குச் சொந்தமாக்கி வைத்திருந்தேன்.

ஆக, பட்டியல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், சிஸ்டங்கள் அங்கே போய்க் கேட்க வேண்டும். விண்டோஸ் டொமைன் போடலாமே என்று கடைக்கு வந்த நண்பர் சொன்னார். பள்ளியில் இருந்த மூன்று விண்டோஸ் சிஸ்டமும் ஹோம் பதிப்பு, அது டொமைனில் சேராது. லினக்ஸில் அதே வேலைக்கு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் காலத்து என்ஐஎஸ் இருக்கிறது. 'எல்லோ பேஜஸ்' என்று பெயர் வைத்து, பிரிட்டிஷ் டெலிகாம் அந்தப் பெயர் தங்களுடையது என்றதால் மாற்றிக்கொண்டார்கள். கட்டளைகளின் தலையில் அந்த 'ஒய்பி' மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுலபம்தான், ஆனால் பாஸ்வேர்டு ஹேஷை, அதாவது பாஸ்வேர்டைத் திருப்பிப் படிக்க முடியாதபடி உருமாற்றி வைத்ததை, கேட்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்துவிடும். எல்டாப் என்ற முறையில் யூசர் பட்டியலை ஒரே இடத்தில் வைக்கிற ஓபன்எல்டாப் என்று முடிவு செய்தேன். ஆபீஸ் ரூமில் சும்மா கிடந்த ஐ3 சிஸ்டத்தில் டெபியன் 12, இரண்டு 1 டிபி டிஸ்க்கை ஒன்றுக்கொன்று நகலாக இருக்கும்படி மிரராகப் போட்டு, அதுதான் சர்வர். மாணவர் சிஸ்டங்களில், அந்தப் பட்டியலைச் சர்வரிடம் கேட்டு வாங்குகிற எஸ்எஸ்எஸ்டி. பிள்ளைகளின் சொந்த ஃபோல்டர், அதாவது ஹோம் ஃபோல்டர் எல்லாம் சர்வரிலேயே; அதை நெட்வொர்க்கில் எடுத்துத் தருவது என்எஃப்எஸ்.

மே மாதம் வேலையை ஆரம்பித்தேன். எங்கள் வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. லேபில் ஃபேன் ஓடினாலும் கீபோர்டு கையைச் சுடுகிறது.

முதல் இடி பெயரில் விழுந்தது. எல்டாப்பில் ஆட்களைச் சேர்க்க எல்லாரும் காட்டித் தருகிற வகை ஒன்று உண்டு, அதில் குடும்பப் பெயர் கட்டாயம். இல்லையென்றால் பதிவே ஏறாது. நம் பிள்ளைகளுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்று, அதோடு முடிந்தது. சிலர் இனிஷியலையே குடும்பப் பெயராகப் போட்டுவிடுவார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, 'எஸ்' என்பது யாருக்கும் குடும்பம் இல்லை. தேடிப் பார்த்தால் 'அக்கவுண்ட்' என்று இன்னொரு வகை இருக்கிறது. அதற்கு யூசர் ஐடி ஒன்று போதும். அதோடு 'போசிக்ஸ் அக்கவுண்ட்' சேர்த்தால் யூஐடி, குரூப், ஹோம் ஃபோல்டர் எல்லாம் வந்துவிடும்.

அடுத்தது, லாகின் பெயர். பட்டியலில் திவ்யா நான்கு பேர், அதில் மூன்று பேருக்கு இனிஷியல் எஸ். திவ்யா1, திவ்யா2 என்று போட்டால் 'நான் ஏன் ரெண்டு?' என்று சண்டை வரும், வந்தே தீரும். கல்வித் துறை கொடுக்கிற எமிஸ் நம்பர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிதான், ஆனால் ஆறாவது பிள்ளை அவ்வளவு நீள நம்பரைத் தப்பில்லாமல் அடித்து முடிப்பதற்குள் பீரியடே முடிந்துவிடும். கடைசியில் பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பள்ளியில் சேர்ந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், பிறகு மூன்று இலக்க வரிசை எண். 2024இல் சேர்ந்த பதினேழாவது பிள்ளை 24017. அதுவே யூஐடி. லாகினுக்கு மட்டும் முன்னால் ஆங்கில எம் எழுத்து. வெறும் எண்ணாக லாகின் பெயர் வைத்தால் லினக்ஸ் கட்டளைகள் அது பெயரா, யூஐடியா என்று குழம்பும்.

சாதாரண யூசர்களுக்கான யூஐடி டெபியனில் 1000 முதல் 60000 வரை. என் கணக்கு 2059இல் சேர்கிற பிள்ளைகள் வரை தாங்கும். அதற்குப் பிறகு வருகிறவர் பாடு.

குரூப்பை வகுப்பு வாரியாக வைக்காமல் சேர்ந்த வருடத்தின்படி வைத்தேன். ஒன்பது 'ஏ' என்று வைத்தால் ஒவ்வொரு ஜூனிலும் முந்நூறு பேரை நகர்த்த வேண்டும். சேர்ந்த வருடம் மாறாது, ஃபெயிலானாலும் மாறாது.

லாகினில் இல்லாத பெயர் திரையிலாவது தெரிய வேண்டும், அதுவும் தமிழில். கூட இருந்த பதினோராவது பிள்ளைகள் இரண்டு பேர் எக்செலில் தமிழ்ப் பெயர்களை அடித்துக் கொடுத்தார்கள். ஏற்றினால் முதல் பெயரிலேயே பிழை 21, தவறான தொடரமைப்பு என்று நிற்கிறது. ஒரு மத்தியானம் முழுக்க யூனிகோடைச் சந்தேகப்பட்டேன். காரணம் வேறு. முழுப் பெயருக்கென்று யூனிக்ஸ் வழக்கமாக வைத்திருக்கும் 'ஜீகாஸ்' புலத்தை எல்டாப் வரையறையில் ஆஸ்கி எழுத்துகளுக்கு, அதாவது ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் மட்டும் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். 'சிஎன்' என்ற பொதுப்பெயர்ப் புலத்துக்கு அந்தக் கட்டு கிடையாது. ஜீகாஸைக் காலியாக விட்டு, தமிழ்ப் பெயரை சிஎன்னில் போட்டு, எஸ்எஸ்எஸ்டியிடம் 'ஜீகாஸுக்குப் பதில் சிஎன்னைப் படி' என்று ஒரு வரி எழுதினேன். உள்ளே நுழைந்ததும் திரையின் மேல் மூலையில் தமிழில் பெயர் வந்தது. அந்தப் பதினோராவது பிள்ளைகள் கை தட்டினார்கள். மே மாதம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

எஸ்எஸ்எஸ்டி போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அதன் அமைப்புக் கோப்பு ரூட் என்கிற நிர்வாகிக்குச் சொந்தமாக, அனுமதி 0600 ஆக, அதாவது அவர் மட்டும் படித்து எழுதும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேவை கிளம்பவே கிளம்பாது. மற்றது, 'கெட்என்ட்' கட்டளையால் எல்லா யூசர்களையும் பட்டியல் கேட்டால் எல்டாப் ஆட்கள் ஒருத்தரும் வரமாட்டார்கள். பதறாதீர்கள், முழுப் பட்டியல் தராமல் இருப்பதுதான் அதன் இயல்பு. ஒரு பெயரைச் சொல்லிக் கேளுங்கள், வரும். நான் பதறி இரண்டு முறை அழித்துப் போட்டேன்.

ஜூன் 10 பள்ளி திறந்தது. முதல் நாளே கதவோரம் இருக்கும் மூன்று சிஸ்டத்தில் யாராலும் உள்ளே போக முடியவில்லை. அதே பிள்ளை, அதே பாஸ்வேர்டு, பக்கத்து சிஸ்டத்தில் போகிறது. கேபிளை மாற்றினேன். அமைப்புக் கோப்பைப் புதிதாகக் காப்பி செய்தேன். சுவிட்சில் போர்ட்டை மாற்றினேன். அப்போது ஒரு ஆறாவது பிள்ளை, "அண்ணா, இது மட்டும் ஆன் பண்ணா எஃப் ஒண்ணு அமுக்கச் சொல்லுது" என்றது. பெரியவர்கள் அதை அமுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம், நானும் காலையிலிருந்து அதைத்தான் செய்திருந்தேன்.

மதர்போர்டு பேட்டரி செத்திருந்தது. அது செத்தால் கரண்ட் நின்றதும் கடிகாரம் தேதியை மறந்துவிடும். பார்த்தால் அந்த மூன்றிலும் 2023. எஸ்எஸ்எஸ்டி குறியாக்கம் இல்லாத இணைப்பில் பாஸ்வேர்டைச் சரிபார்க்காது, அந்தக் குறியாக்கத்துக்காக மே மாதம் நானே ஒரு டிஎல்எஸ் சான்றிதழ் உருவாக்கியிருந்தேன். 2023இல் உட்கார்ந்திருக்கும் சிஸ்டத்துக்கு 2024 மே மாதச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நம்பாமல் கதவைச் சாத்திக்கொண்டது. இதில் என் தப்பும் உண்டு. டெபியனோடு வருகிற நேரச் சேவையை எடுத்துவிட்டு க்ரோனி போட்டிருந்தேன், அது இணையத்தில் இருக்கும் நேர சர்வர்களைத் தேடிக்கொண்டிருந்தது. மாணவர் சிஸ்டங்களால் நேரடியாக அங்கே போக முடியாது. க்ரோனியை நம் சர்வரிடமே நேரம் கேட்கச் சொல்லிவிட்டு, மூன்றுக்கும் சிஆர்2032 பேட்டரி மாற்றினேன். லாகின் கோளாறு என்று யாராவது போன் செய்தால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்கிற கேள்வி, "தேதி இன்னா காட்டுது?"

அடுத்த தலைவலி மணி அடித்ததும் வரும். இருபத்திரண்டு பிள்ளைகள் ஒரே நிமிடத்தில் உள்ளே போய் ஃபயர்ஃபாக்ஸைத் திறப்பார்கள், எல்லாம் உறைந்துவிடும். சுவிட்ச் பழைய நூறு மெகாபிட். நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டை இருபத்திரண்டாகப் பங்கு போட்டால் ஆளுக்கு அரை மெகாபைட் சொச்சம். வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் போய் ஒரு கிகாபிட் சுவிட்ச் வாங்கி வந்தேன். அதைவிடப் பலன் கொடுத்தது வேறொன்று. உலாவி தற்காலிக நகல்களைப் போட்டு வைக்கும் கேஷ் ஃபோல்டரை என்எஃப்எஸ்ஸிலிருந்து எடுத்து அந்தந்த சிஸ்டத்தின் டிஸ்க்கிலேயே வைத்தேன். குப்பையை ஏன் நெட்வொர்க் வழியாகச் சுமக்க வேண்டும்?

ஆளுக்கு 1 ஜிபி என்று கோட்டா வைத்திருந்தேன். ஆகஸ்டில் ஒரு பத்தாவது பையன் பாஸ்வேர்டு அடிக்கிறான், திரை ஒரு கணம் கருக்கிறது, மறுபடி லாகின் திரை. தப்பான பாஸ்வேர்டு என்றும் சொல்வதில்லை. பேய் பிடித்த மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி எழுத்துத் திரையில் அவன் பெயரிலேயே போனால் உள்ளே விடுகிறது. ஹோம் ஃபோல்டரில் ஒரு சினிமா. பென்டிரைவில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான், கோட்டா மொத்தமும் போய்விட்டது. டெஸ்க்டாப் கிளம்பும்போது ஹோமில் எழுத வேண்டிய ஒரு சின்னக் கோப்புக்குக்கூட இடமில்லாமல் செத்துச் செத்துத் திரும்புகிறது. படத்தை அழித்ததும் சரியானது. என்ன படம் என்று டீச்சரிடம் சொல்லவில்லை. நல்ல படம்தான்.

பாஸ்வேர்டு மறப்பது நோயே இல்லை, அன்றாடம். ஆரம்பத்தில் ஒவ்வொன்றுக்கும் எனக்குப் போன் வரும். "பழசு இன்னான்னு பாத்துச் சொல்லிடேன் தம்பி" என்பார் டீச்சர். சர்வரில் இருப்பது ஹேஷ், எனக்கே தெரியாது, புதிதாகத்தான் வைக்க முடியும் என்று பலமுறை விளக்கியாயிற்று. பிறகு டீச்சருக்கு மட்டும் பாஸ்வேர்டு மாற்றுகிற உரிமை கொடுத்து, நம்பரை அடித்தால் புதிய பாஸ்வேர்டு கேட்கிற சின்னப் பெட்டி ஒன்று எழுதிக் கொடுத்தேன். கடைக்கு வருகிற போன் நின்றுவிட்டது. முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதைத்தான்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு. ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார், பாலாறும் எப்போதாவது பெருகுகிறது. அந்த வரிசையில் நான் சேர்த்தது ஆள் இல்லாத அக்கவுண்ட். செப்டம்பரில் ஒரு பையன் டி.சி. வாங்கிக்கொண்டு ஆரணி போனான். அடுத்த வாரமே அதே வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தது. காலியான நம்பரை வீணாக்குவானேன் என்று, அவன் ஹோம் ஃபோல்டரை அழித்துவிட்டு அதே நம்பரைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளை, "அண்ணா, பொது ஃபோல்டர்ல நான் வரையாத படம்லாம் என் பேர்ல கீது" என்றது. ஹோமை அழித்தேன், பொது ஃபோல்டரை மறந்தேன். அங்கே அவன் விட்டுப்போன கோப்புகள் எல்லாம் நம்பரைப் பார்த்து இவள் பெயருக்கு மாறிவிட்டன. படமாக இருந்ததால் சிரித்தோம், வேறு ஏதாவதாக இருந்திருந்தால்? இப்போது டி.சி. வாங்குகிற பிள்ளையின் நம்பரை அழிப்பதில்லை. உள்ளே நுழைய முடியாதபடி லாகின் ஷெல்லை 'நோலாகின்' ஆக்கிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறேன். நம்பர் யாருக்கும் மறுபடி போகாது.

இன்னும் ஓட்டைகள் இருக்கின்றன. என்எஃப்எஸ் நான் போட்டிருக்கிற விதத்தில், எதிரே இருக்கும் சிஸ்டம் சொல்கிற நம்பரை அப்படியே நம்பும். யாராவது பென்டிரைவிலிருந்து வேறு லினக்ஸ் கிளப்பினால் யாராக வேண்டுமானாலும் வேஷம் போடலாம். சிஸ்டம் கிளம்பும்போது முதலில் ஓடுகிற பயாஸில் பாஸ்வேர்டு போட்டு, யூஎஸ்பியிலிருந்து கிளப்புகிற வழியை அடைத்திருக்கிறேன், இந்த லேபுக்கு இப்போதைக்கு அது போதும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று சர்வர் யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்குகிறது. கரண்ட் வந்ததும் சர்வர் முழுசாகக் கிளம்புவதற்கு முன்னால் பிள்ளைகள் ஆன் செய்துவிட்டால், எஸ்எஸ்எஸ்டி தன் நினைவிலிருக்கும் பாஸ்வேர்டை வைத்து உள்ளே விட்டுவிடும், ஹோம் ஃபோல்டர் மட்டும் வராது, திரை தொங்கும். அதற்கென்று ஒவ்வொரு சிஸ்டத்திலும் 'விருந்தாளி' என்று ஒரு உள்ளூர் யூசர். ரூட் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, ஹெச்.எம். அறை பீரோவில் வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் வைத்திருக்கிறது.

போன வாரம் யூபிஎஸ் பேட்டரி பார்க்கப் போயிருந்தேன். ஏழாவது படிக்கிற ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்றது. "அண்ணா, என் பேர் தப்பா வருது." திரையில் கயல்விளி என்று இருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக அப்படியே இருந்திருக்கிறது. "ஏம்மா முன்னாடியே சொல்லல?" "கம்ப்யூட்டர் அப்படித்தான் எழுதும்னு நெனச்சேன்."

சர்வரில் அங்கேயே திருத்தினேன். எஸ்எஸ்எஸ்டி ஒரு முறை கேட்டு வாங்கிய பெயரை 5400 நொடி, அதாவது ஒன்றரை மணி நேரம் கையிலேயே வைத்துக்கொள்ளும். அந்த நினைவை அழிக்கக் கட்டளை இருக்கிறது, ஆனால் அதற்குள் மணி அடித்து எட்டாவது பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "சாப்பாட்டு மணிக்கு வந்து பாரு" என்றேன். சாப்பாட்டு மணிக்குத் தட்டோடு வந்தது, பின்னாலேயே இரண்டு சிநேகிதிகள். உள்ளே போனதும் மேல் மூலையைப் பார்த்தது. பிறகு எழுந்து அடுத்த சிஸ்டத்தில் போய் உட்கார்ந்து லாகின் செய்தது. அங்கேயும் பார்த்துவிட்டு அதற்கடுத்ததற்குப் போனது. ரசம் சாதம் ஆறிக்கொண்டிருந்தது.